நான் சொன்ன ஓகே

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பதினோரு வருடமாக எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெயின்டில் நூலளவு கோடு இருந்தாலும் விடமாட்டேன். அந்தத் திமிரோடுதான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க, சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். பெரிய இன்ஜின் மாற்றிப் பூட்டிய வண்டி.

பெயின்ட், கதவு இடைவெளி எல்லாம் விரலால் தடவிப் பார்த்து, "ஓகே" என்றேன். ஓட்டிப் பார்க்க மகளோடு ஏறிச் சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமியது. அதுவரை வாய் திறக்காத, வண்டியை விற்பவர் பானெட்டில் ஓங்கித் தட்டினார்.

"நிறுத்து சார்! பாப்பாவ மொதல்ல எறக்கு."

எரிச்சலோடு இறக்கினேன்.

"அடியில பாத்தியா சார்?"

பார்க்கவில்லை. கம்பெனி லைனில் வண்டியின் அடிப்பக்கத்தை எனக்கு முன்னால் நிற்கும் ஆள் பார்த்து அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் குனியாமல் இருந்துவிட்டேன்.

டார்ச்சோடு குனிந்தேன். இன்ஜினைத் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் விட்டு, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"தெரிஞ்சேதான் விக்கப் பாத்தேன். பாப்பா பெல்ட்ட மாட்டிக்கினு எனக்கு டாட்டா காட்டுச்சு. மனசு கேக்கல," என்றார்.

அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் ஓகே சொன்னது நான்தானே.