நல்ல தண்ணியில் துடைத்த அலுமாரி

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். உப்புக்குளம் ஊரில் இருந்துகொண்டு பழைய அலுமாரிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கப்போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார்.

"முதல் அலுமாரி சரிவந்தாச் செய். இல்லாட்டி பிறஷை வைச்சிட்டுப் பேசாம இரு."

"ஓம்" என்றுவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

அந்த முதல் அலுமாரி அடுத்த வீட்டு ராத்தாவுடையது. மகளின் கலியாண அறைக்குப் போகவேண்டியது. பலகைக்கு மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய வினியர் சாமான்; கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் தோல் போய்விடும். கிளம்பிய ஓரங்களைப் பசை வைத்து ஒட்டினேன். சாண்ட் பேப்பரால் பட்டும் படாமலும் தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் துணி நனைத்துத் தூசியைத் துடைத்து, காயவிட்டு, அண்டர்கோட் அடித்து, மேலே வெளிர் பச்சை அடித்தேன். அழகென்றால் அப்படியொரு அழகு.

பிறகு கடற்காற்று ஈரத்தோடு வீசியது. ஒரு காலை பார்த்தால் கதவு முழுக்கக் கொப்புளம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "அலுமாரிக்குக் கொப்புளிப்பான் வந்திட்டுது போல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கடித்திருப்பேன். ஒரு கொப்புளத்தைக் கிள்ளினேன். உள்ளே வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தேன். "உப்பு!" என்று கத்திவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கூட வைக்கமாட்டோம். அலுமாரியைத் துடைக்கும்போது மட்டும் அந்த நினைப்பு வரவில்லை. பெயின்டுக்கு அடியில் தங்கிய உப்பு ஈரக்காற்றை இழுத்துப் பொங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ராத்தா வந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "விடு புள்ள, புதுசு எடுப்பம் எண்டு எங்கட அவர் முதலே சொன்னவர்."

"புதுசு வேண்டாம் ராத்தா. கலியாணத்துக்கு முன்னம் இதே அலுமாரி உங்கட வீட்டுக்கு வரும். நம்புங்கோ."

ராத்தா தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குடம். தண்ணி கொண்டுவரும் பவுசர் லொறியில் பிடித்துக் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணி.

"இதால துடை" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயின்டை எல்லாம் சுரண்டினேன், மரத்தோலில் ஒரு கீறல் விழாமல். கை விண்விண்ணென்று வலித்தது. நல்ல தண்ணியில் துடைப்பதும், காயவிட்டு நாக்கால் தொட்டுப் பார்ப்பதுமாக நின்றேன். உப்புக் கரிக்கிறதா, மறுபடி துடை. நான் கதவை நக்குவதைக் கணவர் கண்டார். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் சிரிக்கவில்லை. கரிப்பு முழுக்கப் போன பிறகுதான் மறுபடி அண்டர்கோட்டும் பச்சையும் அடித்தேன்.

கலியாண வீட்டிலும் அதே ஈரக்காற்றுத்தான். நான் சாப்பாட்டுக்கு முன் கலியாண அறைக்குள் போய் அலுமாரிக் கதவைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மெல்லத் தொடங்கினார். "எங்கட அலுமாரியையும் ஒருக்காப் பாரன்."

"ராத்தாவின்ர தங்கச்சி முதல் சொன்னவ" என்றேன். "வரிசையில நில்லுங்கோ."