எஸ்தர் அக்காவுக்குக் கேட்டது

பஸ் பாலவனத்தம் தாண்டிக்கொண்டிருந்தது. விருதுநகரில் தங்கை வீட்டுக்குக் காலையில் போனவள், அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி நாலரை இருக்கும். அடுத்த வீட்டு சரோஜா போனில் கூப்பிட்டாள்.

"பத்மாக்கா, எங்க வாரீக? எஸ்தரக்கா போயிட்டாகக்கா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தபடியே. காதுல மாட்டுனது மாட்டுனபடியே இருக்கு."

வேறென்ன சொன்னாள் என்று நினைவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

எஸ்தர் அக்காவை உங்களில் பலருக்கு நீதிமன்றத் தட்டச்சராகத் தெரியும். திருச்சுழியிலும் பிற ஊர்களிலும் முப்பது வருடத்துக்கு மேல் சாட்சிகள் சொல்வதைக் கேட்டு அடித்தவர். சபையில் ஞாயிறுதோறும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவராகச் சிலருக்குத் தெரியும். எனக்கு அவர் வாடகை வீட்டின் சொந்தக்காரர், கூட வேலை பார்த்தவர், அடிக்கடி சண்டை போட்டவர். நான் அவர் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகத் தனியாகக் குடியிருக்கிறேன்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆராய்ச்சி செய்பவர்களும் வக்கீல்களும் தாங்கள் பதிவு செய்த பேச்சுகளை எங்களுக்கு அனுப்புவார்கள். காற்று, வண்டிச் சத்தம், இரைச்சல் எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் நீக்கிக் குரலைத் தெளிவாக்குவது என் வேலை. அதைக் கேட்டு எழுத்தில் அடிப்பது அக்கா வேலை. முதலில் பென் டிரைவில் போட்டு மாடிக்கும் கீழுக்கும் அலைந்தோம். அவருக்கு முட்டுவலி வந்த பிறகு, ஒரே ரூட்டரில் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்து, நடுவில் ஒரு பொது ஃபோல்டர் வைக்கலாம் என்றேன்.

அது லேசாக முடியவில்லை. அவருடையது பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர், என்னுடையது லினக்ஸ். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டும் ஒன்றையொன்று தெரியாததுபோல் இருந்தன. இரண்டு நாள் கழித்து என் திரையில் அவர் கம்ப்யூட்டரின் பெயர் வந்தது; ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. பகிரும் வசதியைப் போட்டிருந்தேன், யார் உள்ளே வரலாம் என்று குறிப்பிடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்தார்.

"கதவத் தெறந்து வச்சா மட்டும் போதுமா? வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும்ல?"

என் பெயரில் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் அவர் கம்ப்யூட்டரில் போட்டதும் ஃபோல்டர் திறந்தது. அதன் பிறகும் தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் சில நேரம் கேள்விக்குறிகளாக வரும். அவர் விடாப்பிடியாகப் பழைய எழுத்துருவில் அடிப்பார். எனக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியும். மாற்றிப் படிப்பேன். சில நாட்கள் நாங்கள் முகம் பார்த்துக்கொள்வதே கிடையாது. நான் பதிவை ஃபோல்டரில் வைப்பேன், சாயங்காலம் எழுத்து அதே இடத்தில் இருக்கும். கீழே அவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்பதற்கு எனக்கு அதுவே அடையாளம்.

போன வருடம் ஆய்வு மாணவர் ஒருவர், நரிக்குடிக்கு அப்பால் ஆள் குறைந்துபோன ஒரு ஊரில் பதிவு செய்த பேட்டியை அனுப்பினார். இருளாண்டி என்று ஒரு பெரியவர். ஊரே வெளியேறிய பிறகும் ஆடுகளோடு அங்கேயே இருப்பவர். கண்மாய் பெருகிய காலத்தையும் மழை தவறிய வருடங்களையும் பற்றிப் பேசியிருந்தார். வெட்டவெளிக் காற்று பதிவு முழுக்க அடித்தது. நீக்கிவிட்டு, சுத்தமான கோப்பை மட்டும் ஃபோல்டரில் வைத்தேன்.

சாயங்காலம் எழுத்து வந்தது. பெரியவரின் இரண்டு பதில்களுக்கு நடுவே இப்படி ஒரு வரி இருந்தது:

பெண் குரல்: கெணத்த மூடச் சொல்லுங்க.

பதிவைக் கேட்டேன். பதினாலாவது நிமிடத்தில் பெரியவர் பேச்சை நிறுத்துகிறார். சத்தமே இல்லை. பிறகு தொடர்கிறார். கீழே இறங்கிப் போனேன்.

"அக்கா, இதுல பொம்பளக் குரலே இல்லையே."

"ஏன் இல்ல? நல்லாத்தான் கேக்குது."

"நான் மூணு தரம் கேட்டேன். அந்தத் தம்பிகிட்டயும் போன்ல கேட்டுட்டேன். அவரும் பெரியவரும் மட்டுந்தான் இருந்தாகளாம். அந்த வரிய எடுத்துருங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கோர்ட்டுல எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான் பத்மா. சொன்னத அடி. சொல்ல வந்தது இதுதான்னு நீயா நெனைக்கிறத அடிக்காத. எனக்குக் கேட்டுச்சு, அடிச்சேன். எடுக்க மாட்டேன்."

கோபத்தோடு மாடிக்கு வந்தேன். அப்போதுதான் நீக்குவதற்கு முந்தைய மூலப்பதிவைப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. பதினாலாவது நிமிடத்தில், காற்றின் இரைச்சலுக்கு உள்ளே, மெல்லியதாக ஏதோ ஒன்று எழும்பி அடங்கியது. ஆட்டின் சத்தமாக இருக்கலாம். நான் காற்றென்று நினைத்து நீக்கியதில் அதுவும் போயிருந்தது. ஆனால் அது மட்டுமல்ல. மூலப்பதிவு என் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை. ஃபோல்டரில் இருந்தது சுத்தம் செய்தது மட்டும்தான். ஒவ்வொரு கோப்பின் தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். அக்கா கேட்டிருக்க வழியே இல்லை.

இத்தனைக்கும் அவருக்கு இடது காது ஏற்கெனவே மந்தமாகியிருந்தது. வலதும் குறைந்துகொண்டு வந்தது. சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்கும்போதெல்லாம், வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரியும்.

மறுநாள் காலையில் அவர் புடவை மாற்றிக் கைப்பையோடு வாசலில் நின்றார். "நரிக்குடி பஸ்ஸுக்குப் போறேன். வாரியா?"

திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். ஊரை நெருங்கும்போது உச்சி வெயில். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். கூரையில்லாத மண்சுவர்கள், நடுவில் ஒரே ஒரு ஓட்டு வீடு. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. ஆட்டோக்காரர் இறங்க மறுத்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இருளாண்டி ஒடைமர நிழலில் இருந்தார். அக்கா தாளை எடுத்து, கோர்ட்டில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுவதுபோல் அந்த வரியை வாசித்தார்.

பெரியவர் பக்கத்தில் கிடந்த கம்பை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். இடிந்த வீடுகளுக்குப் பின்னால் ஓரிடத்தில் கம்பை நீட்டி எங்களைத் தடுத்தார். ஓரடிக்கு முன்னால் தரையே இல்லை. கைப்பிடிச் சுவர் முழுக்க இடிந்து, முள் படர்ந்து மறைத்த கிணறு. கல் ஒன்றைத் தட்டிவிட்டார். சத்தம் வர நேரமாயிற்று.

"இதப் பத்தி அந்தத் தம்பிகிட்ட நான் வாயே தெறக்கலையே தாயி," என்றார்.

"இதுல யாரும் விழுந்திருக்காகளா ஐயா?" என்று அக்கா கேட்டார்.

"ஆடு ரெண்டு விழுந்துச்சு." கம்பால் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "ஆளுக விழுந்ததெல்லாம் ஊரு இருந்த காலத்துல," என்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் திருச்சுழி தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். "அது யாரு குரலுக்கா?" என்று கடைசியில் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாரு சொன்னா என்ன பத்மா? கெணறு தெறந்துதான கெடக்கு."

கிணற்றை மூடச் சொல்லி அக்கா மனு எழுதினார். தாலுகா அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தார். முட்டு வீங்கியது, நடந்தார். ஒரு மாதம் போல் கழித்து, கனமான இரும்பு வலை போட்டுக் கிணற்றை மூடினார்கள். செய்தி வந்த அன்று பதினாலாவது நிமிடத்தை அவரைக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். திரும்பவும் போடச் சொன்னார்.

"இப்பக் கேக்கல," என்றார்.

ஆனாலும் அந்த வரியை எடுக்கவில்லை. குரல் யாருடையது என்று தெரியவில்லை என ஒரு குறிப்பு மட்டும் சேர்த்து அனுப்பினார். எனக்கு அன்று முழுவதும் மாடியில் தனியாக இருக்க முடியவில்லை. கீழே போய் அவர் அறையில் உட்கார்ந்தேன். அவர் அடுத்த வேலையை அடிக்க ஆரம்பித்திருந்தார்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், பெங்களூரில் இருக்கும் அவர் மகன் டேனியல் மாடிக்கு வந்தான். "சித்தி, அம்மா கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போறேன். ஒங்க வேலை ஏதாவது இருந்தா எடுத்துக்கங்க. கீழ ஆன் பண்ணி வச்சிருக்கேன்."

என் லேப்டாப்பில் அவர் கம்ப்யூட்டரின் பெயரை அழுத்தினேன். ஃபோல்டர் உடனே திறந்தது. கீழே அவர் நாற்காலி காலியாக இருக்கிறது என்று தெரிந்தும், பெயர் தெரிந்த நொடியில் அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிக் கோப்பு அவர் இறந்த அன்று மதியம் இரண்டு ஐம்பதுக்குச் சேமிக்கப்பட்டிருந்தது. மூன்று மணிவாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரோஜா பார்த்தது நாலு மணிக்கு.

எழுத்துருவை மாற்றிப் படித்தேன். யாரோ ஒரு விவசாயியின் பேட்டி, நிலக்கடலையைப் பற்றியது. பதிவில் எங்காவது இடைஞ்சல் இருந்தால் எனக்காக அடைப்புக்குறிக்குள் எழுதி வைப்பது அவர் வழக்கம். காற்று, ஹாரன், வெளியே யாரோ பேசுகிறார்கள் என்பதுபோல. அன்று விவசாயியின் பேச்சு பாதியில் நின்றிருந்தது. அதன் கீழே கடைசி வரி:

(மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம். பத்மா வந்துட்டா.)

அப்போது நான் விருதுநகரில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாடிக் கதவு பூட்டியிருந்தது. இருந்த ஒரே சாவி என் பையில் இருந்தது.

டேனியலைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தான். என் மேசையை, நாற்காலியைப் பார்த்தான். "அன்னைக்கு நீங்க வந்தப்ப இந்த நாற்காலி எங்க இருந்துச்சு சித்தி?" என்று கேட்டான்.

அன்று நான் மாடிக்கே வரவில்லை. மறுநாள் காலையில்தான் வந்தேன். நாற்காலி மேசையோடு ஒட்டி இருந்ததா, விலகி இருந்ததா என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதைச் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மேல ஆள் இருக்குன்னு நெனச்சுட்டாவது போயிருக்காங்க," என்றான்.

கம்ப்யூட்டரைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது. நிலக்கடலைப் பேட்டியின் மீதியை நானே அடித்து முடித்து, அந்த வரி இல்லாத பிரதியை உரியவருக்கு அனுப்பிவிட்டேன். அக்கா அடித்த பிரதியில் கை வைக்கவில்லை. அவரை அறிந்த நீங்கள் ஆளுக்கொரு நினைவை வைத்திருப்பீர்கள். எனக்கு இருப்பது அந்த ஒரு வரி. அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர் பொய் அடிக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.