சத்தம் போட்டது சிவகாமி அக்கா இல்லை

வியாழக்கிழமை காலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இட்லிக்கு வரிசையில் நின்றிருந்தேன். வார்டன் அக்காவின் கைபேசியில் ஒரு குரல் செய்தி ஓடியது. பாதியிலேயே அதை நிறுத்திவிட்டு என் தோளைத் தொட்டார். "ஏனம்மணி, தட்டைக் கீழ வை. உங்க கேப்டன் புள்ள காய்ச்சல்ல போயிருச்சாமா. விடியக்காலைல." நான் தட்டை வைக்கவில்லை. முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி அதைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்ற பயம்.

நாளை பீளமேட்டில், நாங்கள் பயிற்சி எடுத்த அதே கூடத்தில், சிவகாமி அக்காவுக்கு அஞ்சலிக் கூட்டம். அணியின் சார்பில் நான் பேச வேண்டும். என்ன பேசுவது என்று பயிற்சியாளர் சாரே எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் பிரெய்லில் பெயர்த்து வைத்திருக்கிறேன். இந்த ராத்திரியில் எழுதுவது வேறு. எனக்கு விளக்கு வேண்டாம். ஆனால் எழுத்தாணி குத்தும் சத்தம் கேட்கும். இந்த விடுதியில் எல்லோருக்கும் காது கூர்மை. ஸ்லேட்டுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, ஒவ்வொரு புள்ளியாக மெல்லக் குத்துகிறேன்.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. ஊர் கொடுமுடி. இங்கே ஒரு கல்லூரியில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வையற்ற பெண்களுக்கான இந்தியக் கோல்பால் அணியின் கேப்டன். நான் கிணத்துக்கடவுக்காரி, பிளஸ் ஒன் படிக்கிறேன், அணியிலேயே சிறியவள். எங்கள் இருவரைத் தவிர மற்றவர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள். கோல்பால் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். எல்லோருக்கும் கண்கட்டு. உள்ளே மணி வைத்த கனமான பந்து உருண்டு வரும். அதன் சத்தத்தைக் கேட்டு, குறுக்கே விழுந்து உடம்பால் தடுக்க வேண்டும். அதனால் கூடத்தில் யாரும் மூச்சுக்கூட உரக்க விடக் கூடாது.

முதல் நாள் பயிற்சியில் பந்து வரும் திசை தெரிந்தும் நான் விழவில்லை. நின்றபடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங் அம்மணி, பந்து வந்தா படுக்கோணும். நீ என்ன, கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிக்க நிக்கற மாதிரி நிக்கற?" அன்று முழுவதும் என்னைப் 'பன்னீர்' என்றே கூப்பிட்டார். பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவர் நடுவிலிருந்து தரையை விரல் கணுவால் இரண்டு முறை தட்டுவார். நான் இங்கே இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். நாங்களும் பதிலுக்கு இரண்டு தட்டுவோம். அந்தத் தட்டு கேட்ட பிறகுதான் நான் விழத் தயாராவேன்.

அவர் பயமே இல்லாதவர் என்று நாளை பலர் சொல்வார்கள். அது சரியில்லை. வெளிநாட்டுப் போட்டிக்குப் போயிருந்தபோது நாங்கள் இருவரும் ஒரே அறை. ஆட்டங்களுக்கு முன்னால் குளியலறையில் வாந்தி எடுப்பார். கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, ஒடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டேன். "பயந்தா எனக்கு இப்படித்தான் கண்ணு. வாந்தி எடுத்துப்போட்டாச் சரியாயிரும். வெளிய சொல்லிப்போடாத, கேப்டன் பதவி போயிரும்" என்றார். அதன் பிறகு வாய் கொப்பளித்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி வந்து என் முழங்கால் உறையை இழுத்துச் சரிசெய்தார்.

எங்கள் அணி அதற்கு முன் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. இந்த முறை அரையிறுதி வரை போனோம். அங்கே தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு வந்தோம். கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம். பந்து அக்காவின் கையில். எதிரணியின் வலது மூலை காலியாக இருப்பது அவர்களின் மூச்சுச் சத்தத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவர் மூன்று எட்டு ஓடிப் பந்தை விடும் அதே நொடியில், "போடுக்கா!" என்று கத்திவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

விசில் அடித்தது. அதில் சொல் அமுங்கி, வெளியே இருந்த சாருக்கு யார் கத்தியது என்று பிரிந்திருக்காது. பந்தை விடும்போது சத்தம் போட்டால் எதிரணிக்குப் பந்தின் மணி கேட்காது, அது தவறு. யார் கத்தியிருந்தாலும் கடைசியாகப் பந்தை வீசியவர்தான் தனியாக நின்று பெனால்டியைத் தடுக்க வேண்டும். ஒன்பது மீட்டர் அகலம், ஒற்றை ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் குரல் கேட்டது: "சாரி சார், மீ." பழியையாவது என் பேரில் விட்டிருக்கலாம். அதையும் எடுத்துக்கொண்டார். எங்கள் இடது பக்கம் ஆடிய பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். அவளும் அதை யாரிடமும் சொன்னதில்லை. எங்களை வெளியே நிறுத்தினார்கள். அக்கா தரையை இரண்டு முறை தட்டினார். பதிலுக்குத் தட்ட உள்ளே யாரும் இல்லை. பந்து அவர் விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. நான்காம் இடம்.

ஊர் திரும்பிய அன்று விமான நிலையத்தில் மாலையோடு வந்த ஒருவர், "கேப்டனே வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருந்தா மெடலுங்க" என்றார். "ஆமாங்க, என்ற வாய் கொஞ்சம் பெருசுங்க. அதுக்கும் சேத்து ஒரு மாலை போட்டிருக்கலாமுங்க" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

பிறகு ஒரு நாள் போனில், "அக்கா, நான் சார்கிட்டச் சொல்லிர்றேன்" என்றேன். "அடுத்த மாசம் செலக்சன் கேம்ப். இப்பப் போயிச் சொன்னா உன்ற பேரை வெட்டிப்போடுவாங்க. உன்ற அப்பன் தேங்கா உரிக்கற எடத்துலயே உன்னையும் உக்கார வெச்சிருவாரு. மூடிட்டுப் படி பன்னீரு" என்றார். நான் மூடிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கொடுமுடிக்குத் துக்கத்துக்குப் போனபோது அவருடைய அம்மா என் கையைப் பிடித்தார். யார் யாரோ அக்காவைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். செய்தியின் கடைசி வரியிலும் அந்தப் பெனால்டி இருந்தது. அம்மா என் காதருகே குனிந்து கேட்டார்: "என்ற புள்ள நெசமாலுமே சத்தம் போட்டாளா கண்ணு? சின்னதுல இருந்தே அவ அதிர்ந்து பேச மாட்டாளே." "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கம்மா" என்றேன். அவர் என் கையை விடவில்லை. கூட வந்த டீச்சர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏற்றினார்.

சார் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி இருக்கிறது: 'தன் பிழையைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டவர்.' அதை வாசித்தால் என் பெயர் அணிப் பட்டியலில் இருக்கும். பட்டியல் எழுதுகிறவரும் சார்தான். வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அப்பா என்ன சொல்வார் என்று தெரியாது. பயமாக இருக்கிறது. அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டது ஞாபகம் வருகிறது. அவரும் பயந்துகொண்டுதான் போய் நின்றார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த இரண்டு தட்டு மட்டும் இருக்கிறது. நாளை என் பெயரைக் கூப்பிட்டதும் கூடம் அமைதியாகும். நான் முதலில் மேசையை இரண்டு முறை தட்டுவேன். கொடுமுடி அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பேன். அந்தப் பக்கம் திரும்பி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்:

"சத்தம் போட்டது நானுங்கம்மா."