மலையைச் சுற்றாத பைக்

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிளோ டிராக்டரோ, எந்தப் புது வண்டி வந்தாலும் அது முதலில் கிரிவலப் பாதையில் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியூர் போகும். சுற்றாமல் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் போய்ப் பார்த்ததில்லை. என்னை ஏமாற்றத் துணிந்த இரண்டு பேருக்குக்கூட அந்தத் துணிச்சல் மட்டும் வரவில்லை. அதனால்தான் என்னிடம் மாட்டிக்கொண்டார்கள்.

ஒருவர் என் கணவர். இன்னொருவன் என் கூடப்பிறந்த தம்பி.

நான் வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தெட்டு. பைக் ஓட்டுவேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் வைத்த பைக். நாற்பது தாண்டித்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோடாகப் பார்த்து என்னை ஓட்டவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்சு, கிளட்ச்சு" என்று காது கிழியக் கத்துவார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது காதில் வாங்காமல் என் பின்னால் உட்கார்ந்து வந்த மனிதர். அந்த ஒன்றுக்காகவே அவருடைய நூறு குற்றங்களை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

மகள் வேலை கிடைத்து பெங்களூரு போனபின் வீடு வெறிச்சோடிப் போனது. அப்போது ஒருநாள் கணவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒரு வெளிநாட்டு ஜோடி, வேனுக்குள்ளேயே சமைத்து, வேனுக்குள்ளேயே தூங்கி, பின்கதவைத் திறந்தால் இரண்டு பைக். மலை அடிவாரத்தில் வேனை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பைக்கில் மேலே போகிறார்கள்.

"நாமளும் போலாமா? லடாக் வரைக்கும்?" என்றார்.

அந்த "நாம" என்ற சொல்லில் விழுந்தவள்தான் நான்.

பழைய பன்னிரண்டு சீட் வேன் ஒன்றை வாங்கினோம். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு வெல்டரிடம் கொடுத்தோம். முன்பாதியில் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க். பின்பாதி பைக்குகளுக்கு. பைக் சாயாமல் நிற்கத் தரையில் இரும்பில் இரண்டு நீளப் பள்ளங்கள் வைத்தார் அவர். சேனல் என்று பெயர். சக்கரம் அதற்குள் இறங்கி நிற்கும். இடது பக்கம் கணவருடையது, வலது பக்கம் என்னுடையது. வெல்டர் டேப்பை வைத்து என் டயரை மூன்று முறை அளந்தார்.

"டயருக்கு ஏத்த மாதிரி இருக்கணும்க்கா. ஜாஸ்தியா இருந்தா ஆடும், கம்மியா இருந்தா எறங்காது."

என் பைக் சின்னது, டயர் ஒல்லி. அவருடையதைவிட என் சேனல் இரண்டு விரல் குறுகலாக இருந்தது. வீட்டில், அலுவலகத்தில், வங்கியில் எதுவும் என் அளவுக்கென்று செய்யப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த இரும்புப் பள்ளத்தை நான் கையால் தடவிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தடவித்தான் பார்த்தேன்.

மார்கழியில் அதெல்லாம் முடிந்தது. பிறகு அடுப்பு, ஒயரிங், ஜன்னல் வலை என்று ஒவ்வொன்றுக்கும் வேன் கீழ்பென்னாத்தூருக்குப் போய்ப் போய் வந்தது. சாயங்காலம் ஆனால் நாங்கள் இருவரும் மேப்பை விரித்துவைத்து உட்காருவோம். எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் பிடிப்பது என்று பேசுவோம். சண்டையும் போடுவோம். நான் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாம்பார்த்தூள் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன். விடுமுறை நாட்களில் வேனையும் ஓட்டிப் பழகினேன். மாசியில் இருபத்தைந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த விண்ணப்பத்தை அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசகம் சொன்னார். "சொந்த வேலை காரணமாக" என்று நான் எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, "குடும்பத்துடன் சுற்றுப்பயணம்" என்று எழுதவைத்தார். அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து எனக்கு ஒரு ஜோடி ரைடிங் கிளவுஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

சித்திரையில் வண்டிக்குப் பூஜை போட்டோம். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கி, இரண்டு பைக்கையும் பலகை வைத்து ஏற்றினோம். அவருடையது கல் மாதிரி நின்றது. என்னுடையது ஆடியது. சேனலில் டயருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி.

"அளவு தப்பா எடுத்துட்டான் போல" என்றார். "கயிறு போட்டுக் கட்டிக்கலாம். வுடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று வெல்டருக்குப் போன் போட்டு, மூன்று முறை அளந்த லட்சணம் இதுதானா என்று கத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தப்பு நடந்துபோச்சிக்கா, மன்னிச்சிக்கோங்க" என்றார். அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அப்போது யோசிக்கவில்லை.

அன்றைக்கு வேனை நான்தான் ஓட்டினேன். கிரிவலப் பாதையில் மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும், ஸ்டியரிங் பக்கம். ஓட்டுகிறவருக்கு மலை, பக்கத்தில் உட்காருகிறவருக்குக் கடைத்தெரு. நான் மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் என் பைக் கயிற்றில் கட்டுண்டு கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. வழக்கப்படி எல்லாம் முடிந்தது, இனி லடாக் என்ன, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்தேன்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தோம். முந்தின சனிக்கிழமை விடிகாலையில் அவர் வேனை எடுத்துக்கொண்டு, டயர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். நடந்து ஒரு முறை கிரிவலம் வருவதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு போவதாக இருந்தேன். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வேன் என்னைத் தாண்டிப் போனது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கூப்பிடக் கையைத் தூக்கினேன். பைக் வைக்கும் இடத்துக்குப் பின்னால் மேல்பாதிக்குத்தான் கதவு, கீழே சக்கரமும் சைலன்சரும் வெளியே தெரியும். வலது பக்கம் தெரிந்தது தடித்த டயர். என் பைக்கின் டயர் அப்படி இருக்காது. நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். என் தம்பியினுடையது. கயிறு எதுவும் இல்லை. சேனலுக்குள் அம்சமாக இறங்கி, ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது.

தூக்கிய கையை எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை.

கோயில் முன்னால் வேன் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி அந்தப் பைக்கின் முன்சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் கைகூப்பி நின்றிருந்தார். கண்ணை மூடி, ரொம்பப் பக்தியாக. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார்.

"நீ நாளைக்குத்தான சுத்துறேன்னு சொன்ன?" என்றார். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவளிடம், அந்த நேரத்தில் அவர் கேட்ட கேள்வி இது.

"இன்னாடா இது?" என்று தம்பியைக் கேட்டேன்.

அவன் கற்பூரத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "அக்கா, மாமா சொல்றேன்னாரு. சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அவர். "அந்த மலை ரோட்டுல நீ ஓட்டுறத நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"பயம் உங்களுக்கு. அதுக்கு வீட்ல குந்திக்கினு இருக்கணும் நானு. நல்லாருக்குங்க ஞாயம். இத எப்ப முடிவு பண்ணீங்க?"

"இப்பதான். ஒரு வாரம்தான் ஆவுது."

"பின்ன பைக்க எதுக்கு இங்க இட்டுக்கினு வந்தீங்க? நேரா திங்கக்கெழம கெளம்பியிருக்கலாமே, எனக்குத் தெரிஞ்சேயிருக்காதே!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "மலைய சுத்தாத வண்டிய எடுத்துக்கினு போவ மனசு வரலக்கா."

அக்காவை விட்டுவிட்டுப் போக மனது வந்தது. மலையை விட்டுவிட்டுப் போக வரவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பூக்காரம்மா ஒருத்தி கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்ல வேணாம், வண்டில ஏறு. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"நடந்து ஆரம்பிச்சேன், நடந்துதான் முடிப்பேன்."

அவர்களாலும் வேனைத் திருப்ப முடியாது. கிரிவலத்தைப் பாதியில் விட்டு வந்த வழியே திரும்புகிற ஆட்கள் இல்லை நாங்கள். என்னை விட்டுவிட்டு முன்னால் போகவும் முகமில்லை. அதனால் நான் நடந்தேன், வேன் என் பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்தது. வாயுலிங்கம் தாண்டி, குபேரலிங்கம் தாண்டி, அத்தனை தூரமும். உள்ளங்கால் தார்ச்சூட்டில் கொதித்தது. ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால், மலை தெரியும் அந்த ஸ்டியரிங் பக்கத்து ஜன்னலில் அவர் முகம் இருக்கும். என்னால் அதைப் பார்க்க முடிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும், நீ வராவிட்டால் நாங்களும் போகவில்லை என்றார்கள் இருவரும். வற்புறுத்திக் கேட்டு இடம் வாங்குகிற அளவுக்கு நான் இறங்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றேன். போக மாட்டார்கள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் சொன்னேன். திங்கட்கிழமை போய்விட்டார்கள்.

விடுப்பு எடுத்தது எடுத்ததுதான். கிளவுஸ் வாங்கிக் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படிப் போய் விழிப்பது? இருபத்தைந்து நாளும் வீட்டிலேயே கிடந்தேன். காய்கறி வாங்க முக்காடு போட்டுக்கொண்டு தூரத்துக் கடைக்குப் போனேன். தப்பு செய்தவர்கள் பனிமலையில் நிற்க, திருடி மாதிரி ஒளிந்து திரிந்தவள் நான். அவர் தினமும் போட்டோ அனுப்பினார். ஒரு போட்டோவில் தம்பி வேனுக்குள் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் வரிசையாக என் கையெழுத்து ஒட்டிய டப்பாக்கள்.

ஆனால் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? இரண்டு வாரத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கடைசி நேரத்தில் பயந்துவிட்டார், கோழைத்தனம்தான், வஞ்சகம் இல்லை. வெல்டர் அளவு தப்பியது தம்பிக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். அடுத்த வருஷம் உன்னோடுதான் என்று போனில் சத்தியம் செய்தார். சரி என்றேன். அப்படியானால் அந்தச் சேனலைச் சரி செய்ய வேண்டுமே என்று ஒருநாள் என் பைக்கை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன்.

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முகம் மாறியது.

"வேன் வந்ததும் அனுப்புறேன். இந்தத் தடவ ஒழுங்கா அளந்து போடுங்க" என்றேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

"அக்கா, நான் அளந்தது கரெக்டுதான்க்கா" என்றார். "சார்தான் அப்புறமா வண்டிய எடுத்தாந்து அகலமாக்கச் சொன்னாரு. பெரிய பைக்கு ஒண்ணு கொண்டாந்து நிறுத்தி அளவும் குடுத்தாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நீங்க திட்டனப்ப சொல்லிறலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. குடும்ப விஷயம்னு வுட்டுட்டேன்."

"எப்ப மாத்துனீங்க?"

"பொங்கல் முடிஞ்ச வாரம்க்கா. தை மாசம்."

தை. அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம் மேப்பை விரித்தோம், எத்தனை ஊர் பேசினோம் என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வெல்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பைக்கைக் கிளப்பினேன். தையில் என் இடத்தை அறுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மாசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சொந்த வேலை"யை அடித்துவிட்டு "குடும்பத்துடன்" என்று எழுதச் சொன்னவர் அவர்தான்.