இத்தாவுக்குள் வளர்ந்தது

கடல் என் கணவரைக் கொண்டுபோன பிறகு, நற்பிட்டிமுனையில் உறவினர் வீட்டுப் பின்னறையில், கணவன் இறந்த பெண் ஒதுங்கியிருக்கும் இத்தா இருந்தேன். விதவைக்கு நான்கு மாதமும் பத்து நாளும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரை. கலியாணமாகி ஏழு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லாததால், அந்த இரண்டாவது கணக்கை ஒருவரும் நினைக்கவில்லை.

முதல் மாதமே மாதவிலக்கு வரவில்லை. பிறகு முகம் உருண்டது, வயிறு பருத்தது, அதில் ஊதாநிறக் கோடுகள் விழுந்தன. மாமி, என் கணவரின் தாய், மருதமுனையிலிருந்து பாயோடு வந்து என் அறையிலேயே தங்கிவிட்டார். அவருக்கு என் கணவர் ஒரே மகன்.

"என்ட மகன்ட புள்ள இரிக்கி, மகள். ஒருத்தரோடயும் கதைக்காத, கண்ணூறு படும்," என்றார். அப்படிச் சொன்னவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

கைகால் மட்டும் மெலிந்துகொண்டே போனது. தொழும்போது, நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. குனிந்தால் நெஞ்சு அடைத்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஆசுபத்திரிக்குப் போக இத்தா தடையில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் போகவில்லை. கோழைதான் நான். ஆனால் என் வாழ்க்கையில் அந்த மாதங்களைப்போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தும், பிள்ளை பிறக்கட்டும் என்று இத்தாவின் வெள்ளை உடுப்பை மாற்றவில்லை. ஆறாம் மாதமும் பிள்ளை துடிக்காததால் மாமியே கல்முனை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்த பெண் டொக்டர், "கர்ப்பப்பையில ஒன்றும் இல்ல. கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, நெஞ்சைப் படம் எடுக்க வேணும்," என்றார். மாமி அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார். என்மேல் கோபமில்லை, அழுவதற்கு அவருக்கு வேறு இடம் தேவைப்பட்டது.

கொழும்பில்தான் நோயின் பெயரைச் சொன்னார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி, சிறுவயதில் பெரிதாக இருந்து பிறகு சுருங்கிவிடுவது. அதில் மிக அரிதான ஒரு கட்டி. அது சுரந்த ஹோர்மோன்தான் முகத்தையும் வயிற்றையும் உருட்டி, இரத்தத்தில் சீனியை ஏற்றி, மாதவிலக்கை நிறுத்தியிருந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து கட்டியை எடுத்தார்கள், பிறகு கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். முகம் வற்றியது. மாதவிலக்கு திரும்பி வந்த அன்று, வாட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

யுத்தம் முடிந்த வருடம் சோதனைக்குத் தனியாகக் கொழும்பு போனேன். தெருவெல்லாம் கொடி.

"இப்ப ஒன்றும் தெரியல்ல," என்றார் டொக்டர். "ஆனா இது பல வருஷம் கழிச்சும் திரும்பி வரும், எலும்புக்கும் போகலாம். முகம் உருண்டா உடனே வாங்க."

ஓம் என்றேன்.

அதனால் ஒவ்வொரு காலையும் கண்ணாடி பார்க்கிறேன். சில நாள் கன்னம் உப்பலாகத் தெரியும். பயம் வரும்தான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி, சந்தோஷம் வந்துவிடுகிறது.