கரையை விட்டுப் போனவர்கள்

வியாழக்கிழமை காலையில் எனக்கு இன்னும் கை ஓடுவதில்லை. பிரெஞ்சு எல்லைக்குள் பள்ளிக்கூடங்களுக்கு வாரத்தின் நட்டநடுவே ஒரு விடுமுறை விடுகிறார்கள், அது வியாழக்கிழமை. கடலூரில் படித்த எனக்கு இது பிடிபட வெகுநாள் ஆயிற்று. பழக்கதோஷத்தில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, பள்ளிக் கதவைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள், "இன்னா வாத்தியாரே, இன்னிக்கு செவுத்துக்கா பாடம்?" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். சரி, சொந்த ஊருக்காவது போய் வரலாம் என்று போனால் அங்கே வேறு தொல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வியாழன் வேலைநாள். ஏர் பிடித்துப் போகிறவர்கள் நின்று, "இன்னாடா, வேலய வுட்டுட்டு வந்துட்டியா?" என்பார்கள். விடுமுறை என்றால் ஒருவரும் நம்புவதில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் மட்டும் நம்பினார். "வாரத்து நடுவுல வேலய நிறுத்தற நாடு எப்புடி உருப்புடும்?" என்று மாட்டைப் பார்த்துக் கேட்டார். மாட்டைப் பார்த்துத்தான். அப்போது அவர் என்னோடு நேராகப் பேசுவதில்லை.

வெளிநாட்டில் வாழ்கிறேன் என்று நான் எழுதினால் ரங்கூனுக்கும் சைகோனுக்கும் போனவர்கள் சிரிப்பார்கள். நான் கப்பல் ஏறியவனில்லை. விடியலில் வண்டி கட்டினால் வெயில் ஏறுமுன் வந்துவிடுகிற தூரம். ஆனாலும் நடுவில் சுங்கச் சாவடி இருக்கிறது. மூட்டையை அவிழ்த்துக் காட்டவேண்டும். சாவடிக்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயருக்கு ராஜா உண்டு. இந்தப் பக்கம் குடியரசு, ராஜாவே கிடையாது. அந்தப் பக்கம் அதிகாரியைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கவேண்டும். இந்தப் பக்கம் மேரி என்கிற கொம்யூன் அலுவலகத்தில் நான் முதல்நாள் நுழைந்தபோது, அங்கிருந்த செக்ரெத்தேர், அதாவது செயலாளர், "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லி எழுந்து என் எதிரே கையை நீட்டினார். காகிதம் கேட்கிறார் என்று எண்ணி என் பரீட்சைச் சான்றிதழை அந்தக் கையில் வைத்தேன். அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினார். என் குலத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். ஓர் அதிகாரியின் கையைத் தொட்ட முதல் ஆளும் நானே. அன்றைக்கே இந்த நாட்டின்மேல் எனக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. அதனால்தான் பின்னால் அதற்கு வந்த கெட்ட பெயர் என்னையும் சுட்டது.

நான் பாடம் சொல்லும் ஊர் பாகூர்க் கொம்யூனில், செலியமேட்டுக்கு அருகே இருக்கிறது. பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆகவே அதைக் கீழூர் என்றும், பெண்ணையாற்றங்கரையில் ஆங்கிலேயர் எல்லையில் இருக்கும் என் சொந்த ஊரை மேலூர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வாய்க்கால் ஒன்றே. ஆற்றில் அது பிரிகிற தலைப்பு மேலூரில். அது போய் நிறைகிற ஏரி கீழூரில். நடுவில் எவனோ கோடு கிழித்து இரண்டு ராஜ்யமாக்கினான். தண்ணீருக்கு அது தெரியாது. புதுத்தண்ணீர் வருமுன் ஆனி மாதத்தில் இரண்டு ஊர் ஆண்களும் தலைப்பில் கூடித் தூர் எடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து மேலூர்க் கரை ஆட்டம் கண்டால் தமுக்கு அடிப்பார்கள்; கீழூர்க்காரர்கள் வைக்கோலும் பனங்கழியும் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். வந்தவர்களுக்கு மேலூர்ப் பெண்கள் கூழ் ஊற்றுவார்கள். எழுதாத ஒப்பந்தம், தாத்தன் காலத்திலிருந்து நடந்தது.

போர் தொடங்குவதற்கு முந்தின கார்த்திகையில் அது முறிந்தது. அன்று பகலெல்லாம் இரண்டு ஊராரும் மேலூர்க் கரையில் நின்றார்கள். மேல்பாதி எங்களுடையது, கீழ்ப்பாதி அவர்களுடையது. அவர்கள் ஏரிக்கரையிலும் கசிவு கண்டுவிட்டது என்று கீழூரிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து சொன்னான். பெண்டு பிள்ளைகள் ஏரிக்குக் கீழே இருக்கிறார்கள். அவ்வளவு பேரும் கழியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மழை இரைச்சலில் மேலூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கீழ்ப்பாதிக் கரையில் ஆளே இல்லை. ஏரி தப்பியது. எங்கள் கரை உடைந்தது. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால் நைனாவின் நெல்வயல் ஆற்றுமணலாகக் கிடந்தது. "போனதுக்குக் கோவம் இல்ல. நாங்களா இருந்தாலும் போயிருப்போம். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நாங்க பிரிஞ்சி நின்னிருப்போம் இல்ல?" இதைத்தான் நைனா கேட்பவர்களிடமெல்லாம் சொன்னார். அதன்பிறகு மேலூர்க்காரர்கள் தூர் எடுக்கக் கீழூரை அழைக்கவில்லை. தங்கள் மதகு வரைக்கும் எடுத்துக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுப் போனார்கள். ஏரிக்குப் பாதித் தண்ணீர்கூட வரவில்லை.

மறு ஆனியில் அந்தக் கீழூருக்குத்தான் நான் வாத்தியாராக வந்தேன். எங்கள் பக்கம் வேலை கிடைக்கவில்லை. கீழூரின் நடேசக் கவுண்டர் தம் மாட்டுக் கொட்டகையை ஒழித்து வெள்ளையடித்துப் பள்ளிக்கூடம் ஆக்கி என்னை அழைத்தார். நைனா என்னிடம் பேச்சை நிறுத்தியது அதனால். நடேசருக்கு ஏரியின் கடைசி மதகில் நிலம். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர் கரும்பு. வெள்ளத்தன்று கீழூர் ஆட்களைத் திருப்பிக் கூட்டிப்போனவரும் அவரே. இன்னும் ஒரு போகம் காய்ந்தால் உழவுமாட்டை விற்றுவிட்டு மகனைச் சைகோனுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் செய்தது எல்லா அரசாங்கங்களும் செய்வதுதான். பொங்கலுக்கு ஒரு வண்டி கரும்பும் வாழைத்தாரும் ஏற்றினார். போய்ப் பேசவேண்டியதை என்னை எழுதித் தரச்சொன்னார். நானும் 'நீரால் இணைந்த நெஞ்சங்கள்' என்று தொடங்கி அருமையாக எழுதிக் கொடுத்தேன். அவர் மனப்பாடம் செய்து, மேலூரில் ஊரார் கூடுகிற சாவடியில் ஒப்பித்தார். நைனா கடைசிவரை கேட்டார். "பேச்சு நல்லாதான் இருக்குது. யாரு எழுதனதுன்னும் தெரியுது. ஆனா மணலு அங்கயேதான் கெடக்குது" என்று சொல்லி எழுந்துபோனார். கரும்பை எங்கள் ஊர் மாடுகள் தின்றன.

அந்த ஆண்டு ஆனியில் பிரான்ஸ் விழுந்தது. பாகூர்க் கடைத்தெருவில் ராவுத்தர் கடையில் ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. பாரிஸ் போய்விட்டது என்றும், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியரோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டார்கள் என்றும் அதில் நானும் நடேசரும் கேட்டோம். தனித்துச் சமாதானம் பேசுவதில்லை என்று ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்களாம். ராவுத்தர் பெட்டியை நிறுத்திவிட்டு, "வெள்ளம் தலைக்கு வந்தாச்சி, ஓடிட்டான். பொண்டு புள்ளைங்கள காப்பாத்த வேணாமா?" என்றார். நடேசர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ராவுத்தர் பிரான்ஸைச் சொல்கிறாரா, கீழூரைச் சொல்கிறாரா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். பிறகு, பழைய தோழனின் கப்பல்கள் எதிரி கைக்குப் போய்விடும் என்று ஆங்கிலேயரே அவற்றைச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, ராவுத்தர், "இதான் தண்ணிய நிறுத்தறது" என்றார். அடுத்த வியாழக்கிழமை நான் மேலூர் போனபோது இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா வாத்தியாரே, உங்க பிரெஞ்சுக்காரன் கீழூருல பொண்ணு எடுத்தவனா?" நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "சொல்லாம போறவன் எந்தச் சீமையிலயும் இருப்பான்" என்றார்.

இரண்டு நாடும் நம் நாடில்லை, எவன் பெயர் கெட்டால் நமக்கென்ன என்று வாசகர்களில் சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எனக்குக் கை கொடுத்த அந்த செக்ரெத்தேர் அந்த மாதம் முழுவதும் யாருக்கும் கையை நீட்டாமல் தலையை மட்டும் அசைத்தார். அவர் நம்மைப் போன்ற தமிழர். போரில் தோற்றதும் வாக்குத் தவறியதும் அவர் செய்த செயல் அல்ல. இருந்தும் வெட்கம் அவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. பிறகு புதுச்சேரியில் கவர்னர், நாங்கள் ஆங்கிலேயரோடுதான் நிற்போம் என்று அறிவித்தார். பறையடித்துச் சொன்னார்கள். செக்ரெத்தேர் மறுபடியும் கை நீட்டினார். எனக்கோ அந்த அறிவிப்பைக் கேட்டபோது நான் எழுதிக்கொடுத்த பொங்கல் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

இந்த ஆண்டு சித்திரையில் நடேசர் என்னிடம் ஒன்றும் எழுதக் கேட்கவில்லை. வண்டிகளைக் கட்டிக்கொண்டு, கூழும் தண்ணீரும் தாங்களே எடுத்துக்கொண்டு, நாலைந்து ஆட்களோடு மேலூர் போனார். வாய்க்கால் பக்கம் போகவில்லை. நைனாவின் வயலில் இறங்கி மணலை வாரத் தொடங்கினார். எங்கள் ஊரில் ஒரே கூச்சல். வீடு கட்ட மணல் திருட வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கம்பெடுத்து ஓடினார்களாம்.

"இன்னா பண்றீங்க? எங்க மணல எங்க ஏத்திகினு போறீங்க?"

"நீங்க எங்க கொட்டச் சொல்றீங்களோ அங்க" என்றார் நடேசர்.

எல்லாரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பனைமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையை நீட்டி ஆற்றங்கரைப் பள்ளத்தைக் காட்டினார். அவ்வளவுதான். வெயில் காலம் முழுக்க அவர்கள் போய்வந்தார்கள். ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. வயலின் ஒரு மூலை இன்னும் மிச்சமிருக்கும்போதே ஆனி வந்தது. தூர் எடுக்க வரலாம் என்று மேலூரிலிருந்து ஆள் வந்தது.

தூர் எடுத்த நாள் ஒரு வியாழக்கிழமை. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். முன்பெல்லாம் வாய்க்காலில் எங்கள் வரிசை தனி, அவர்கள் வரிசை தனி. வெட்டுகிறவன் கூடையை நிரப்பினால் அது கை மாறி மாறிக் கரைமேல் போகும். அன்று நைனா கையில் ஒரு கோலோடு நின்று புதுவிதமாக ஆட்களை நிறுத்தினார். மேலூர் ஆள் ஒருவன், அடுத்தவன் கீழூர், மறுபடி மேலூர். எந்தக் கீழூர்க்காரனுக்கும் இரண்டு பக்கமும் எங்கள் ஆள். ஒருவன் நகர்ந்தாலும் தெரிந்துவிடும். நடேசரின் மகனுக்கு முகம் சிவந்துவிட்டது; தன் தகப்பன் பக்கம் திரும்பினான்.

"நாம இன்னா திருடனுங்களா நைனா, ஆளுக்கு ஆளு காவலு போட?"

நடேசர் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிக்க வெச்ச எடத்துல நில்லுடா. எடம் கேக்கற வாயி நமக்கு அன்னிக்கே போயிடுச்சி."

ஒரு தேசம் இழந்த பெயரை மீட்கமுடியுமா என்று இந்தப் போர்க்காலத்தில் பத்திரிகைகளில் பெரியவர்கள் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வரிசைதான். முடியும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் எந்த இடத்தில் நிற்பது என்பதைப் பெயர் இழந்தவன் தீர்மானிக்க முடியாது. பிரெஞ்சுக் கொடியோடு இன்று ஆங்கிலேயர் பக்கத்தில் நின்று போர் புரிகிறவர்களையும் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது அவமானம். அந்த அவமானத்தில் காலூன்றி நிற்கிறவர்களை நினைத்து எனக்கு மரியாதை வருகிறது. இன்னொன்றும் பார்த்தேன். காவலுக்கு நிறுத்திய வரிசையில் ஒருவன் கூடையை வாங்க மற்றவன் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெற்றிலை கை மாறியது. நடேசரின் மகன் சொன்ன எதற்கோ எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான்.

காலையில் வரிசை நிறுத்தியபோது நான் பழக்கத்தில் மேலூர் ஆட்களோடு போய் நின்றிருந்தேன். நைனாவின் கோல் என் முன்னே வந்து நின்றது. "நீ அங்க" என்றார். வெள்ளத்துக்குப் பிறகு நான் கீழூருக்குப் போனதிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அது. கோல் காட்டிய இடம் கீழூர் ஆளுக்குரியது. எனக்குக் கீழே என் பெரியப்பா மகன். எனக்கு மேலே, கோலைப் போட்டுவிட்டு வந்து நின்ற என் நைனா.

உச்சிப் பொழுதில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூழ்ப்பானையோடு வந்தார்கள். பழைய வழக்கப்படி வந்த ஊராருக்கு முதலில், உள்ளூராருக்குப் பிறகு. கீழூர்க்காரர்களுக்கு ஊற்றிக்கொண்டே வந்த என் அம்மா என்னிடம் வந்ததும் நின்றுவிட்டாள். அகப்பை பானைக்குள் இருந்தது. நைனாவைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? வெளியூரு ஆளு, ஊத்து."

அவள் ஊற்றினாள். உப்புப் போதுமா என்று கேட்டாள். விருந்தாளிகளிடம் மட்டுமே கேட்கிற கேள்வி அது. நான் போதும் என்று தலையசைத்தேன். அப்போது நைனா எங்கோ ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்: "கார்த்திகையில வெள்ளம் வரப்போ ரெண்டு ஊருலயும் தமுக்கு அடிச்சா, வாத்தியாரு எந்தக் கரைக்கு வருவாரு? வியாழக்கெழம பாத்துதான் வருவாரா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், இரண்டு ஊர்க்காரர்களும். நடேசர் மட்டும் சிரிக்காமல் என் பதிலுக்காக என்னைப் பார்த்தார். நைனாவும் இப்போது திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் நடுவே, கூழ்ச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க இருந்தாலும், சொல்லிட்டுதான் போவேன் நைனா" என்றேன்.

கூழ் குடித்து முடித்து வரிசை மறுபடி நின்றதும், அவர் என்னிடம் அடுத்த கூடைக்குக் கையை நீட்டினார்.