ஆர்டெலின் படகு குடித்த எண்ணெய்

ஆர்டெல் க்ரௌலிக்கும் அவள் கணவன் மெர்லுக்கும் கல்யாணமான நாள்முதல் தீராத வழக்கு ஒன்று இருந்தது. வீட்டைச் சூடாக்குகிற எண்ணெயும் படகை ஓட்டுகிற டீசலும் ஒன்றா, வேறா என்பதுதான் அது. மெர்ல், டன்னிங் துறை என்ற கடலோர ஊரில் வீடு வீடாக லாரியை ஓட்டிப்போய் நிலவறைத் தொட்டிகளில் எண்ணெய் ஊற்றுகிறவன். ஆர்டெல் சிங்கி இறால் பிடிக்கிறவள். ஆளுக்கொரு எண்ணெயால் பிழைத்ததால் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

நிறம் மெர்லின் பக்கம் இருந்தது. சாலை வரி கட்டாத எண்ணெய் எதுவானாலும் அதில் ஒரே சிவப்புச் சாயத்தைத்தான் கலக்கிறார்கள். இரண்டையும் இரண்டு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. முன்பெல்லாம் வீட்டு எண்ணெயில் கந்தகம் நிறைய இருந்தது, நாற்றத்தை வைத்தாவது சொல்லலாம். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பிப்ரவரியில் மெர்லின் சொந்த வீட்டுத் தொட்டியே காய்ந்துபோனது. ஊருக்கெல்லாம் எண்ணெய் ஊற்றுகிறவன் வீட்டில் கொதிகலன் அணைந்துவிட்டது என்று மளிகைக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். அன்று ஆர்டெல்தான் தன் படகு டீசலை இரண்டு கேன் கொண்டுவந்து நிலவறைத் தொட்டியில் ஊற்றினாள். குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றிப் பொத்தானை அமுக்கியதும் கொதிகலன் உறுமிப் பற்றிக்கொண்டது.

"பாத்தியா? எரியுது!" என்றான் மெர்ல். "ரெண்டும் ஒண்ணுதான்னு எத்தன வருஷமா சொல்றேன்?"

"எரியத்தான் செய்யும். கொதிகலன் வாயத் தொறந்து வச்சிட்டு நிக்குது. யாரோ பொறி தட்டிவிட்டா எதையும் தின்னும். எஞ்சினுக்குப் பொறி தட்ட ஆள் கிடையாது மெர்ல். காத்த அமுக்குற சூட்டுலயே எண்ணெய் தானாப் பத்தணும், பத்த வேண்டிய நொடியில பத்தணும். எண்ணெயத் தள்ளுற பம்புக்கு வழவழப்பும் எண்ணெய்லேருந்துதான் கிடைக்கணும். உன் எண்ணெய்ல அதுக்கெல்லாம் யாரு உத்தரவாதம் குடுத்தா?"

"எஞ்சினப் பத்திப் பேசறப்ப மட்டும் உன் முகத்துல ஒரு பாசம் தெரியுது பாரு."

"அது கேள்வி கேக்காது."

படகு எண்ணெய் வீட்டில் எரிந்ததாலேயே வீட்டு எண்ணெய் படகில் ஓடும் என்று ஆகிவிடாது. ஒரு திசையில் செல்லுபடியாவது மறுதிசையிலும் செல்லும் என்று எண்ணுவது மெர்லுக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. ஆனால் அவன் அதைச் சிரித்த முகத்தோடு செய்வான். அவனோடு சண்டை போட்டு முடிப்பது கஷ்டம்.

அந்தச் சமயத்தில் ஆர்டெல் கொட்டகையில் ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தாள். வெறும் கண்ணாடியிழைக் கூடாக வாங்கி வந்து, தளம் போட்டு, அறை எழுப்பி, கவிழ்ந்த லாரி ஒன்றின் எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி உள்ளே இறக்கினாள். மூன்று குளிர்காலம் ஆனது. மூன்று குளிர்காலமும் மெர்ல் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன பீன்ஸ் சாப்பிட்டான். படகுக்கு அவள் 'கோல்டு சப்பர்' என்று பெயர் வைத்ததற்கு, ஆறின ராச்சாப்பாடு என்ற அந்தப் பொருளைத் தவிர வேறு காரணம் இல்லை.

அழகான படகு என்று சொல்ல முடியாது. அறை கொஞ்சம் உயரம், நிறம் மிச்சப்பட்ட சாயங்களின் கலவை. ஆனால் ஒரு விஷயத்தில் அவள் ஊரோடு ஒத்துப்போகவில்லை. எல்லோரும் வைக்கிற இடத்தைவிட ஒன்றரை அடி முன்னால் எஞ்சினை வைத்தாள். வேகம் எடுக்கும்போது இந்தத் துறையின் படகுகள் எல்லாம் பின்புறம் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவதை அவள் முப்பது வருஷமாகப் பார்த்திருந்தாள். எடை முன்னால் போனால் உட்காராது என்பது அவள் கணக்கு.

அவளுடைய சித்தப்பா மகன் வெஸ்டன் ஆலி கொட்டகைக்கே வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஆகஸ்ட் மாதப் படகோட்டப் பந்தயத்தில், தொழில் படகுகளின் பிரிவில், அவனை யாரும் ஜெயித்து வருஷக்கணக்காகிவிட்டது.

"ஆர்டெல், இது ஓடாது. மூக்கத் தண்ணிக்குள்ள விட்டுட்டு அப்படியே நிக்கும். வாத்து மாதிரி."

"ஆகஸ்ட்ல பாப்போம்."

"பாக்கறதுக்கு நான் திரும்பிப் பாக்கணுமே."

படகு மே மாதம் தண்ணீரில் இறங்கியது. கோடை முழுக்க அதில் போய் இறால் பிடிக்கும் கூடுகளை இழுத்தாள். ஆனால் ஒரு நாள்கூட வேக விசையை முழுதாகத் தள்ளவில்லை. புது எஞ்சின் பழகட்டும் என்று பிறரிடம் சொன்னாள். பதிலைத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது என்பதுதான் விஷயம். மூன்று குளிர்காலத்தை ஒரு கணக்கின்மேல் வைத்தவளுக்கு அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அந்தப் படகில் தினமும் எப்படி ஏறுவது?

பந்தய நாள் காலையில் அவள் எஞ்சினைத் திருகியபோது அது பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். வெகுநேரம் இருமிவிட்டுப் பிடித்தது. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிப் பக்கத்துப் படகுகளை மூடியது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

வயர்லெஸ்ஸில் வெஸ்டன் குரல் வந்தது. "கேப்டனம்மா, அங்க மீன் புகை போடறியா? எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை."

துறை முழுக்கச் சிரிப்பது வயர்லெஸ்ஸிலேயே கேட்டது. ஆர்டெல் எஞ்சினை நிறுத்திவிட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வடிகட்டியின் அடியில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணம் முந்தின நாள்தான் துடைத்து வைத்தது. இப்போது அதில் கருஞ்செதில்களும் துருவும் அடியில் ஒரு விரற்கடை தண்ணீரும் நின்றன. படகுத் தொட்டியில் துரு ஏறாது, அது அலுமினியம். இப்படிப்பட்ட கசடு எங்கே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷம் நிலவறையில் நிற்கிற இரும்புத் தொட்டியின் அடியில்.

அவள் நிமிர்ந்தபோது மெர்ல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மெர்ல்."

"நீ காலையில அலையக்கூடாதேன்னுதான்..." என்றான். "அந்த ஸ்ப்ரேக் வீட்டுல மின்சாரத்துக்கு மாறிட்டாங்க. தொட்டியக் காலி பண்ணச் சொன்னாங்க. நல்ல எண்ணெய், பாதித் தொட்டி. சும்மா போகுதேன்னு நேத்து ராத்திரி உன் படகுத் தொட்டிய ரொப்பி வச்சேன். உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

"அதுவும் சிவப்புதானே, ஆர்டெல்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மெர்ல் தேறியிருப்பான். அவள் பந்தயத் தடத்தின் பக்கம் பார்த்தாள், பிறகு படகுகளுக்கு எண்ணெய் விற்கிற மிதவையின் பக்கம் பார்த்தாள். பந்தயத்தை வேடிக்கை பார்க்க வந்த படகுகள் மிதவையை மூன்று வரிசையாக அடைத்துக் கட்டியிருந்தன. தொட்டியைக் காலி செய்து கழுவ நேரமில்லை. கெட்ட எண்ணெயோடு முழு வேகம் தள்ளினால் எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் போய்விடும்.

"பந்தயத்துக்கு எவ்வளவு எண்ணெய் வேணும்?" என்று தனக்குத்தானே கேட்டாள். அப்புறம் அவளே சொன்னாள்: "ஒரு கேன் போதும். ஒரு மைல்தானே."

"கேன்லேருந்தா?" என்றான் மெர்ல்.

"கேன்லேருந்துதான். தொட்டிக்குப் போற குழாயக் கழட்டி கேன்ல விடணும். எஞ்சின்லேருந்து மிச்ச எண்ணெய் திரும்பி வர்ற குழாயையும் அதுலயே விடணும். நீ அத மடியில வச்சிட்டு உக்காரப்போற. அசைஞ்சியோ, கடல்ல எறிஞ்சிடுவேன். உன்னத்தான், கேன இல்ல."

சுத்தமான டீசல் ஒரு கேன் வேண்டும். பக்கத்துப் படகுகளில் மிச்சக் கேன் இருந்தது வெஸ்டனிடம் மட்டும்தான். அவனிடம் கேட்பதைவிட நீந்திக் கரைக்குப் போவது மேல் என்று ஆர்டெலுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

வெஸ்டன் நடந்ததை முழுதாகக் கேட்டான். அவன் சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. "மெர்ல், நீ எங்க வீட்டுக்கு வந்தா இனிமே காப்பிகூட நானே ஊத்திக்கறேன்" என்றான். பிறகு ஒரு முழுக் கேனைத் தூக்கி இந்தப் பக்கம் கொடுத்தான்.

"எதுக்குக் குடுக்கறேன் தெரியுமா? நீ தோத்தப்பறம் எண்ணெய் சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லக்கூடாது பாரு, அதுக்கு."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஆர்டெல்.

வடிகட்டிகள் இரண்டையும் மாற்றினாள். புதியவற்றைக் கேன் டீசலால் நிரப்பி, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் குழாய்களில் இருந்த பழைய எண்ணெயை ஒரு வாளியில் தள்ளினாள். மெர்ல் வாளியைப் பிடித்துக்கொண்டு, சிவப்பின் பின்னால் சிவப்பு வருவதைப் பார்த்தான். எஞ்சினைத் திருகியபோது முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை மெலிந்து, காணாமல் போனது. சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. மெர்ல் எஞ்சின் மூடியை ஒரு தரம் பார்த்தான், வாளியை ஒரு தரம் பார்த்தான்.

"ஒண்ணு இல்ல போல" என்றான் மெதுவாக.

கல்யாணமான நாள்முதல் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. இப்போது அதற்கு நேரமில்லை. "கேனப் பிடி" என்றாள்.

தொடக்கக் கோட்டில் ஆறு படகுகள் நின்றன. கொடி விழுந்ததும் வெஸ்டன் பாய்ந்தான். அவன் படகின் பின்புறம் தண்ணீரில் அமிழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்க, பெரிய வெள்ளைச் சுவரை இழுத்துக்கொண்டு போனது. முதல் கால் மைல் அவன்தான் முன்னால். ஆர்டெல் விசையைத் தள்ளினாள். முக்கால். பிறகு கை தானாக நின்றது. கோடை முழுவதும் நின்ற அதே இடம்.

"தள்ளு!" என்று பின்னாலிருந்து மெர்ல் கத்தினான். இரண்டு கையாலும் கேனைக் கட்டிப்பிடித்து, தாடையால் குழாய்களை அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "முழுசாத் தள்ளுடி!"

தள்ளினாள்.

படகு உட்காரவில்லை. மூக்கும் தண்ணீரில் முங்கவில்லை. முழு உடம்பும் ஒரே மட்டமாக எழுந்து, கடலின் மேல்தோலைத் தொட்டும் தொடாமலும் ஓடத் தொடங்கியது. மூன்று குளிர்காலம் அவள் தலைக்குள் ஓடிய படகு இதுதான், சிறு வித்தியாசம்கூட இல்லை. வெஸ்டனின் வெள்ளைச் சுவர் பக்கத்தில் வந்தது, பிறகு வெஸ்டனே வந்தான். அவன் திரும்பிப் பார்த்தான், பிறகு பின்தங்கிப் போனான்.

கரையோரம் கட்டியிருந்த படகுகள் எல்லாம் ஊதுகுழலை அழுத்தின. கோட்டைத் தாண்டியபோது நடுவர் படகிலிருந்து வேகத்தைச் சொன்னார்கள். மணிக்கு நாற்பத்தொரு மைல். இந்தப் பிரிவில் இந்தத் துறை பார்க்காத வேகம். வயர்லெஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் யார் பேசுவதும் புரியவில்லை. அவர்கள் ஓய்ந்ததும் வெஸ்டன் குரல் வந்தது.

"ஆர்டெல்."

"சொல்லு."

"எஞ்சின் எத்தன அடி முன்னால வச்சேன்னு சொன்ன?"

"ஒன்றரை."

"குளிர்காலத்துல என் படகுக்கு உன் கொட்டகைல இடம் இருக்குமா?"

"மெர்ல்கிட்ட கேளு. ஆறின பீன்ஸ் அவன்தான் சாப்பிடணும்."

மெர்ல் எழுந்து நிற்கப் பார்த்தான். கால் மரத்துப்போயிருந்தது. சட்டையெல்லாம் டீசல், முகமெல்லாம் உப்புத் தண்ணீர். "ஜெயிச்சாச்சு, ஆர்டெல்! நிறுத்து! கோடு தாண்டிருச்சு!"

அவள் விசையை ஓர் அங்குலமும் குறைக்கவில்லை. துறையின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் வெளிப்பாறை வரை ஒரு படகும் இல்லை.

"கேன்ல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

மெர்ல் குனிந்து பார்த்தான். "பாதிக்கு மேல."

"அப்ப உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்து கேனைக் கட்டிக்கொண்டான். 'கோல்டு சப்பர்' அதே மட்டத்தில், அதே வேகத்தில், திறந்த கடலுக்குள் போனது.